எங்கட காதுக்கு என்ன நடந்தது? மேளச்சமாவும் தொலைந்துபோன இரவுகளும்

போன வருசம் ஊர்க் கோயில் சப்பறத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். இரவு பத்து மணி கடந்திருக்கும். வடக்கு வீதியில் மேளச்சமா. நாலு நாதஸ்வரம், ஆறு தவில். மணலில் சனம் நிறைந்துபோயிருந்தது. முதல் முக்கால் மணித்தியாலம் முழுக்கச் சினிமாப் பாட்டு. முன்னால் நின்ற பெடியள் விசிலடித்தார்கள், போனில் வீடியோ எடுத்தார்கள், அடுத்து வாசிக்க வேண்டிய பாட்டின் பெயரைக் கத்திக் கேட்டார்கள். வாசித்தவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டதைக் கொடுத்தார்கள்.

பிறகு மூத்த வித்துவான் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தோடி இராகத்தைத் தொடங்கினார். தவில்கள் ஓய்ந்தன.

அது தோடி என்று எனக்குத் தெரியும். எட்டாவது மேளகர்த்தா என்றும் தெரியும். சின்ன வயதில் ஐந்தாறு வருசம் பாட்டு வகுப்புக்குப் போனவன் நான். சோதனைகளும் பாஸ். ஆனால் ஏழாவது நிமிசத்தில் என்ர கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போய்ப் போனை எடுத்தது. பன்னிரண்டாவது நிமிசத்தில் கச்சான் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது ஆலாபனை முடிந்து மறுபடியும் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அந்த 'அப்பாடா'தான் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஏனென்றால், எட்டு வயதில் இதே வீதியில், இதே மணலில், அம்மப்பாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு விடிய விடிய இதைக் கேட்டவன் நான். ஒரு இராகத்தின் பெயரும் தெரியாமல் சந்தோசமாகக் கேட்டவன்.

"இந்தக் காலத்துப் பெடியளுக்கு ரசனை இல்லை" என்று பெரியாக்கள் சொல்லுவினம். கொஞ்ச நாள் நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டில் பழைய ஆக்களோடு கதைத்து, கிடைத்ததை வாசித்துப் பார்த்தபோது வேறொன்று விளங்கியது. எங்கட காது திடீரென்று கெட்டுப்போகவில்லை. அது வளர்ந்த இடம் ஒன்று இருந்தது. அந்த இடம் எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எப்போது, எப்படி என்று ஆண்டு போட்டுச் சொல்லக்கூடிய கதை அது.

அந்த இடத்தின் பெயர் இரவு.

விடிய விடிய

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர் இருப்பார். இன்ன நாள் இன்ன குடும்பத்தின் திருவிழா, இன்ன நாள் இன்ன குறிச்சியின் திருவிழா என்று வகுத்து வைத்திருப்பார்கள். வகுத்தால் போட்டி வரும்தானே. நேற்றைய திருவிழாக்காரர் நாலு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றைய திருவிழாக்காரர் ஆறு கூட்டம் பிடிப்பார். சிகரம், வாணம், தண்ணீர்ப்பந்தல் எல்லாவற்றிலும் போட்டி இருந்தது. ஆனால் அடுத்த வருசம் வரைக்கும் ஊரில் கதைக்கப்படுவது மேளம்தான்.

அந்தப் போட்டியில் இலங்கை வித்துவான்கள் மட்டும் இல்லை. கடல் குறுக்கே நிற்கவில்லை. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கப்பல் ஓடியது. தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் திருவிழாக் காலத்தில் இங்கே வந்து, ஒரு கோயிலில் இருந்து இன்னொரு கோயிலுக்கு என்று வாரக்கணக்கில் தங்கி வாசித்துவிட்டுப் போனார்கள். இங்கே இருந்து பிள்ளைகள் அங்கே போய்க் குருவோடு தங்கிப் படித்துவிட்டு வந்தார்கள். நரசிங்கம்பேட்டை போன்ற ஊர்களில் கடைந்த நாதஸ்வரமும், அதன் வாயில் வைக்கும் சீவாளியும் அதே வழியால் வந்தன. அளவெட்டி, இணுவில், சாவகச்சேரி, கைதடி என்று மேளத்துக்குப் பெயர்போன ஊர்கள் இங்கே உருவானதற்குப் பின்னால் இந்தப் போக்குவரத்து இருக்கிறது.

இந்த மண்ணில் வந்த உச்சம் என்று எல்லாரும் சொல்லும் பெயர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தவர். நாற்பதைத் தாண்டிக் கொஞ்சக் காலம்தான் வாழ்ந்தார். தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க விரும்பிய ஆள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015 இல் வந்து இந்தியாவின் தேசிய விருதும் பெற்றது. அவரோடு, அளவெட்டி என்.கே. பத்மநாதன், சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசன் என்று நாதஸ்வரத்தில் ஒரு பெரிய வரிசை.

ஆனால் நான் இங்கே கதைக்க வந்தது வாசித்த ஆக்களைப் பற்றி இல்லை. கேட்ட ஆக்களைப் பற்றி.

என்ர அம்மப்பா ஒரு தோட்டக்காரர். புகையிலையும் வெங்காயமும். சங்கீதம் படித்தவர் இல்லை, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் சமா என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். விடிய நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிப்போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போய்விடுவாராம். தெட்சணாமூர்த்தியின் அடியை வாயால் சொல்லிக் காட்டுவார். கை தொடையில் போகும், கண் எங்கேயோ இருக்கும்.

"உங்களுக்கு ராகம் தெரியுமா அம்மப்பா?" என்று ஒருக்கா கேட்டேன்.

"பேர் தெரியாது மோனை. ஆனா ஆள் ஆரெண்டு தெரியும்."

அவருக்கு இராகம் ஒரு ஆள் மாதிரி. தூரத்தில் நடந்து வரும்போதே நடையைப் பார்த்து இன்னார் என்று சொல்லுவோமே, அப்படி. அவரைப்போல் ஆயிரக்கணக்கான தோட்டக்காரர், சுருட்டுக் கொட்டில்காரர், கடைக்காரர், வாத்திமார் அந்த வீதிகளில் இருந்தார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. இரவுதான் படிப்பித்தது.

எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சாமி வெளியில் வரும்போது மல்லாரி. பிறகு ஒவ்வொரு வீதியாகச் சாமி நகரும். ஒரு முடக்கில் நின்றால் ஒரு மணித்தியாலம் அங்கேயே நிற்கும். அந்த ஒரு மணித்தியாலமும் ஒரே இராகம். அவசரம் யாருக்கும் இல்லை. போவதற்கு வேறு இடம் இல்லை, பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. நடுவில் நித்திரை வந்தால் மணலில் சரிந்து படுக்கலாம். முழிப்பு வரும்போது அதே இராகம் வேறொரு இடத்தில் நின்றுகொண்டிருக்கும். விடியப்புறம் பூபாளம் வரும். கடைசியில் சாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. இரவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காதால் தெரிந்துகொள்ளலாம். ஒரு பிள்ளை வருசத்துக்குப் பத்துப் பதினைந்து இரவு இப்படிக் கழித்தால், பதினைந்து வயதாகும்போது அதன் காதுக்குள் என்ன இருந்திருக்கும்?

வானொலியும் கல்லூரியும்

திருவிழா வருசத்தில் சில மாதம். மற்ற நாட்களுக்கு வானொலி இருந்தது. இலங்கை வானொலியில் கர்நாடக இசைக் கச்சேரிகளுக்கு என்று நேரம் இருந்தது. எங்கட பாடகர்களும் வித்துவான்களும் கொழும்புக்கு ரயிலேறிப் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். ஊரில் ரேடியோ உள்ள வீட்டுத் திண்ணையில் அயலட்டை கூடியிருந்து கேட்டது.

இதில் ஒரு சுவாரசியமான விசயம் இருக்கிறது. 1952 இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் இருந்து சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார்கள். சாஸ்திரிய இசையால் சனத்தின் ரசனையை உயர்த்தப் போகிறோம் என்பது அவர்கள் கணக்கு. சனம் என்ன செய்தது? ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தது. இந்திமொழிக்காரரும் தமிழ்நாட்டுக்காரரும் சினிமாப் பாட்டுக் கேட்க எங்கட நிலையத்துக்கு வந்தார்கள். கடைசியில் 1957 இல் இந்தியா 'விவித் பாரதி'யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டளை போட்டு ஒருவரையும் கேட்க வைக்க ஏலாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கே அப்படியொரு கட்டளை இருக்கவில்லை. ஒரே வானொலியில் கச்சேரியும் சினிமாப் பாட்டும் ஓடின. ஒரே ஆள் இரண்டையும் கேட்டார். அம்மப்பாவுக்குத் தெட்சணாமூர்த்தியும் வேணும், டி.எம். சௌந்தரராஜனும் வேணும். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டவர்கள் அடுத்த திருவிழாவில் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். ஆகவே சினிமா வந்துதான் எல்லாம் கெட்டது என்ற கதையை நான் நம்புவதில்லை. சினிமா அப்போதும் இருந்தது. ஆனால் சினிமாப் பாட்டு முடிந்த பிறகு தோடிக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம் இருந்தது.

படிப்பிக்கிற பக்கமும் வளர்ந்தது. 1931 இல் வட இலங்கைச் சங்கீத சபை தொடங்கியது. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி வந்தது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்தார் என்றால் பாருங்கள். எழுபதுகளில் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பாடசாலையில் சங்கீதம் ஒரு பாடம். இவை எல்லாம் போரைத் தாண்டி இன்றைக்கும் இருக்கின்றன. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு தப்பியது. கேட்கிறதுதான் தப்பவில்லை.

வீதிக்கு வெளியே நின்றவர்கள்

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு விசயம் கதைக்க வேண்டும். அந்த இரவுகளை நினைத்து உருகுகிற கட்டுரைகள் நிறைய வாசித்திருக்கிறேன். பெரும்பாலானவை இதைத் தாண்டிப் போய்விடும்.

அந்த மணலில் எல்லாரும் இருக்க முடிந்ததா? இல்லை. பல கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் உள்ளே போக முடியாது. வெளிவீதியில்கூட இவ்வளவு தூரம்தான் என்று எல்லை இருந்தது. தீண்டாமையைத் தடைசெய்யும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் போராட வேண்டியிருந்தது. தெட்சணாமூர்த்தி உச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்த அதே காலம் அது. எங்களுக்குப் பொற்காலம் என்று சொல்லப்படுகிற அந்த இரவுகளில், வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டில் நின்று கேட்டவர்களும் இருந்தார்கள். பறை அடித்தவர்களின் இசைக்கு 'சாஸ்திரியம்' என்ற பெயரே கிடைக்கவில்லை.

வாசித்தவர்களின் நிலைமையும் அப்படியொன்றும் இலகுவாக இருக்கவில்லை. இசை வேளாளர் குடும்பங்களில் பிள்ளை ஐந்தாறு வயதிலேயே தவில் கழியைப் பிடிக்கும். பொன்னாடை போர்த்தி, தங்கப் பதக்கம் குத்தி, தோளில் தூக்கிக் கொண்டாடின அதே ஊரில், அடுத்த நாள் காலையில் அவர்கள் 'மேளகாரர்'தான். பதக்கத்தால் சாதிப் படியில் ஒரு படிகூட ஏற முடியவில்லை. அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் சிலர் படித்து வேறு வேலைக்குப் போனால், அதற்காக நாங்கள் கவலைப்படுவது எவ்வளவு நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்களுக்கும் அந்த இரவு அரைவாசிதான் சொந்தம். அம்மம்மா சொல்லுவா, "சாமி ரெண்டாம் வீதி சுத்த முதல் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வீட்ட வந்திடுவம், மேளம் வீட்டில படுத்திருந்தே கேக்கும்" என்று. அம்மப்பா மணலில் இருந்து கேட்ட அதே சமாவை அவ பாயில் கிடந்து, பாதி நித்திரையில், காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துக் கேட்டிருக்கிறா.

ஆகவே நான் பழைய இரவு அப்படியே திரும்பி வர வேணும் என்று கேட்கவில்லை. அது எப்படிப் போனது என்று மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

இரவு போன விதம்

1979 இல் அவசரகாலம். 1981 இல் நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இரவு என்பதன் அர்த்தமே மாறிவிட்டது. பொழுதுபட்ட பிறகு றோட்டில் போகும் வாகனம் யாருடையது என்று காதைக் கொடுத்துக் கேட்டோம். எண்பதுகளின் முதல் பாதியோடு தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அக்கரையில் இருந்து வித்துவான்கள் வருவது நின்றது. இங்கே இருந்து பிள்ளைகள் படிக்கப் போவதும் நின்றது. படகில் போனவர்கள் அகதியாகப் போனார்கள்.

1987 இல் வடமராட்சியில் சண்டை, பிறகு இந்திய இராணுவம். 1990 ஜூனில் மறுபடியும் போர். அந்த வருசத்தோடு யாழ்தேவி நின்றது, தெற்கில் இருந்து வந்த மின்சாரம் நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் ஊரை விட்டு எழும்பியது. மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி என்று அந்தப் பக்கம் முழுக்க இராணுவத்திடம் போனது. பெயர்போன கோயில்கள் சில சனமில்லாமல் கிடந்தன. அளவெட்டியின் வடக்குக் கரையிலேயே அந்த எல்லை வந்து நின்றது.

பிறகு குண்டுவீச்சு. வெளிச்சம் தெரிந்தால் மேலே இருந்து அடிப்பான் என்ற பயத்தில் இருந்த ஊரில் சிகரம் கட்டி, விடிய விடியச் சனத்தைக் கூட்டி எப்படித் திருவிழா செய்வது? பல கோயில்கள் இரவுத் திருவிழாவைப் பின்னேரத்துக்குக் கொண்டுவந்தன. பொழுதுபட முதல் சாமி உள்ளே போய்விட வேண்டும். மேளம் இருந்தது. ஆனால் கெதியாக வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு மணித்தியால ஆலாபனை பத்து நிமிசமானது. முதலில் குறைந்தது அதுதான். ஏனென்றால் சாமி வீதி சுற்றுவதைக் குறைக்க ஏலாது, இராகத்தைக் குறைக்கலாம்.

வானொலியும் போனது. பற்றி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, ஒராள் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்ட கதையை உங்கட வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். யோசித்துப் பாருங்கள். கை நோகச் சுற்றிக் கேட்கும் அந்தப் பதினைந்து நிமிசத்தில் என்ன கேட்பீர்கள்? செய்திதான். சண்டை எங்கே நடக்கிறது, எந்த ஊர், எத்தனை பேர். தோடிக்காக யாரும் பெடல் சுற்றியிருக்க மாட்டார்கள். சுற்றவும் கூடாது.

அதற்காக இசை செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் போராட்டப் பாட்டுகளிலும் கர்நாடக இராகங்கள்தான் கிடந்தன. ஆனால் அந்தப் பாட்டுகள் கேட்பவரிடம் ஒரு வேலையைக் கேட்டன. எழும்பு, அழு, வா என்றன. ஒன்றும் கேட்காத இசையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு நிம்மதி வேண்டும். அது அப்போது ஒருவரிடமும் இல்லை.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழைக்குள் செம்மணி றோட்டால் போன அந்தச் சனத்துக்குள் தவிலைத் தோளில் கொழுவிக்கொண்டு நடந்த ஆக்களும் இருந்தார்கள் என்று அம்மா சொல்லுவா. 1996 இல் திரும்பி வந்தபோது இராணுவக் கட்டுப்பாடு, இரவு ஊரடங்கு. மேளக் குடும்பங்கள் பல அதற்கிடையில் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோயில் திருவிழாக்களில் வாசிப்பது அந்தத் தொடர்ச்சிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983 இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு 2002 இல் பத்தொன்பது வயது. காது வளரும் வயது முழுவதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு முழு இரவுச் சமாகூடக் கிடைத்திருக்காது. பயம் நிறைந்த ஒரு தலைமுறை முழுக்க அப்படித்தான் வளர்ந்தது. அவர்கள்தான் பிறகு அப்பா அம்மா ஆனார்கள், கோயில் நிர்வாக சபைக்கு வந்தார்கள், உபயகாரர் ஆனார்கள். அவர்களிடம் இல்லாததை எங்களுக்கு எப்படித் தர முடியும்?

எனக்குக் கிடைத்த மூன்று வருசம்

நான் 1996 இல் பிறந்தவன். 2002 இல் சமாதானம் வந்தது, ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருசத் திருவிழா விடிய விடிய நடந்தது. அம்மப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. சைக்கிள் ஓட முடியாது. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனார். வீதியில் பழைய ஆக்கள் ஒராளை ஒராள் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. செத்துப்போனார் என்று நினைத்த ஒருவரை அம்மப்பா அங்கேதான் கண்டார்.

2003, 2004, 2005. மூன்று வருசத் திருவிழா. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மணல் இரவில் குளிர்ந்து கிடக்கும். அவரின்ர வேட்டியில் புகையிலை மணக்கும். தவில் தனி தொடங்கினால் அவர் என்ர முதுகில் தாளம் போடுவார், மெல்லமாக, தனக்குத் தெரியாமலே. எப்போது முடியப் போகிறது என்று அந்தக் கையாலேயே எனக்குத் தெரியும். முடிகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவோம்.

2006 ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழாக் காலம். பாதை மூடப்பட்டது, சண்டை தொடங்கியது, ஊரடங்கு வந்தது. இரவு மறுபடியும் பூட்டப்பட்டது. இந்த முறை வெள்ளை வான் பயமும் சேர்ந்துகொண்டது. அம்மப்பா 2008 இல் காலமானார். ஊரடங்கு நேரத்தால் எல்லாவற்றையும் பகலுக்குள் முடித்தோம்.

அந்த வருசங்களில்தான் நான் பாட்டு வகுப்புக்குப் போனேன். பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஐந்து மணி வரை. இராக இலட்சணம், ஆரோகணம், அவரோகணம், வாக்கேயகாரர் வரலாறு. எல்லாம் பாடமாக்கினேன். வகுப்பிலோ சோதனையிலோ குற்றம் சொல்ல மாட்டேன். அவை பெயரைத் தந்தன. பெயர் தருவதுதான் அவற்றின் வேலை. மீதியை இரவு தர வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. வகுப்பு இருந்தது, இரவு இல்லை. உயர்தரம் வந்ததும் வகுப்பையும் விட்டேன். விட்டதாக ஒரு கவலையும் அப்போது வரவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் கவலையாக இருக்கிறது.

திரும்பி வந்த இரவு

2009 க்குப் பிறகு மெல்ல மெல்ல இரவு திரும்பி வந்தது. 2014 இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம். 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல். தமிழ்நாட்டு வித்துவான்கள் மறுபடியும் வருகிறார்கள். இங்கேயும் இளம் வித்துவான்கள் நிறையப் பேர். அவர்களின் விரல் வேகத்தைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்கலாம். வாத்தியம் இருக்கிறது, வித்துவான் இருக்கிறார், வீதி இருக்கிறது, இரவும் இருக்கிறது.

கேட்பதற்குக் காது வரவில்லை. கடலைத் திறக்க ஒரு ஒப்பந்தம் போதும். காதுக்குப் பதினைந்து வருசம் வேண்டும்.

போன வருசத் திருவிழா முடிந்து ஒரு கிழமையால், அன்றைக்கு வாசித்த தவில்காரர் ஒருவரைச் சந்தித்தேன். என்னைவிட இரண்டு வயது மூப்பு. சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது கோபம் வராதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். சினிமாப் பாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையாம். பெடியள் வருவதே அவருக்குச் சந்தோசமாம், ஆக்களில்லாத வீதியில் வாசித்த வருசங்களையும் கண்டவராம். இராகம் தொடங்கினவுடன் முன்வரிசையில் போன் வெளிச்சம் ஒவ்வொன்றாகப் பத்துவது மேடையில் இருந்தால் நல்லாத் தெரியுமாம். அதைப் பார்த்துத்தான் எப்போது முடிப்பது என்று முடிவு எடுப்பார்களாம்.

எனக்கு முகம் சூடேறியது. அன்றைக்கு ஏழாவது நிமிசத்தில் பத்தின வெளிச்சங்களில் ஒன்று என்னுடையது. அந்தத் தோடி பன்னிரண்டு நிமிசத்தில் முடிந்ததற்கு நானும் ஒரு காரணம். நான் சலித்துப்போனதால் அவர்கள் சுருக்கினார்கள். அவர்கள் சுருக்கியதால் எனக்கு மேலும் சலிக்கும்.

அதற்குப் பிறகு ஒன்று செய்து பார்க்கிறேன். தெட்சணாமூர்த்தி வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் யூரியூப்பில் கிடக்கின்றன. கோயில் வீதியில் யாரோ பதிவு செய்தவை. இரைச்சலோடு இருக்கும், நடுவில் சனம் கதைக்கிறது கேட்கும், ஒரு குழந்தை அழும். இரவில் லைட்டை நிப்பாட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிலத்தில் படுத்துக் கேட்கிறேன். முதல் நாள் ஒன்பது நிமிசம். பிறகு பதினைந்து. ஒரு நாள் நித்திரையாகி, முழிப்பு வரும்போது தவில் தனி ஓடிக்கொண்டிருந்தது. போன கிழமை இருபத்தைந்து நிமிசம். பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. சில நாள் வெறும் சத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பதிவுகளில் ஒன்றில், தனி முடிகிற இடத்தில், கூட்டம் சேர்ந்து ஒரு சத்தம் போடும். கைதட்டல் இல்லை. 'ஆ' என்று ஒரு மூச்சு. நூற்றுக்கணக்கான ஆக்கள் ஒரே நேரத்தில் விடுகிற மூச்சு. முடியப் போகிறது என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அதுக்குள் அம்மப்பாவும் இருந்திருக்கலாம்.

அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாலு மாதம். இந்த முறை கூட்டாளிமார் ஐந்தாறு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சினிமாப் பாட்டுக்கு நல்லா ஆடுவோம், இராகம் தொடங்கினால் போனை எடுக்காமல் அரை மணித்தியாலம் இருந்து பார்ப்போம் என்று. போன வருசம்வரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வீட்டுப் பெடியன் ஒருவனும், "எனக்கும் ஒண்டும் விளங்காது, ஆனா வாறன்" என்ற தங்கச்சியும் அதில் உண்டு. ஐந்தாறு பேர் முன்வரிசையில் அப்படி இருந்தால் மேடையில் இருப்பவருக்குத் தெரியும் என்று அந்தத் தவில்காரர் சொன்னார். பதின்மூன்றாவது நிமிசத்துக்கு அது போதுமாம்.